கோல்ப் பந்தும் கட்டுப்பாட்டுக் கலையும்

மேற்கு மாம்பலத்தில் மாடியின்மேல் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பல தொட்டிகளுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. நீர் தாழும்போது மிதவையும் தாழ்கிறது. உடனே கீழேயுள்ள மோட்டார் ஓடத் தொடங்குகிறது. நீர் நிரம்பியதும் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. வீட்டார் உறங்கிக்கொண்டிருந்தாலும் இக்காரியம் தவறாமல் நடைபெறுகின்றது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் விளைவை அளந்து, அந்த அளவைக் கொண்டு அச்செயலையே திருத்துகிறோம் அல்லவா? அதுவே இதில் உள்ள வியப்பு. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். விளைவிலிருந்து செயலுக்குச் செய்தி திரும்பி வருவதால், இத்தகைய அமைப்பை மூடிய சுற்று என்கிறோம். செய்தி திரும்பி வராத அமைப்பு திறந்த சுற்று. வில்லிலிருந்து விடுபட்ட அம்பு திறந்த சுற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. விட்டபின் அதை வில்லாளியால் திருத்த இயலாது.

ஜேம்ஸ் வாட் தமது நீராவிப் பொறிக்கு 1788-இல் பொருத்திய சுழல்குண்டு வேக ஆளி இந்த மிதவைக்கு உறவுடையது. அத்தகைய ஆளிகள் சில வேளைகளில் அமைதியடையாமல் ஊசலாடுவது ஏன் என்று 1868-இல் மாக்ஸ்வெல் கணித முறையில் ஆராய்ந்தார். கட்டுப்பாட்டுப் பொறியியல் என்னும் துறைக்கு அவ்வாராய்ச்சியே தோற்றுவாய் என்பர். நம் பக்கத்தில், 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டபோதே கருவியியலும் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. இத்துறை நமக்கு முற்றிலும் புதிதன்று.

நான் பணியாற்றிய காலமெல்லாம் அனல் மின் நிலையங்களில், இத்தகைய மூடிய சுற்றுகளை அமைப்பதும் அவை அமைதியாக இயங்குமாறு பார்த்துக்கொள்வதுமாகக் கழிந்தது. ஓய்வு பெற்றபின் கோல்ப் ஆடத் தொடங்கினேன். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரியகவுடா சாலையில் காய்கறி வாங்கும் மனிதனுக்கு இந்த ஆட்டம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஆட்டத்தைக் காட்டிலும் ஆட்டத்துக்கான கருவிகளே என்னை முதலில் ஈர்த்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொலைவு காட்டும் லேசர், பந்தின் வேகம் காட்டும் ரேடார், கழியின் அசைவைப் பதியும் உணரிகள் ஆகியவற்றைக் கண்டபோது பழைய நண்பர்களைச் சந்தித்தது போலிருந்தது.

ஆட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 45.93 கிராமுக்கு மேற்படாத எடையும் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும் உடைய பந்தைக் கழியால் அடித்து, நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவிலுள்ள ஒரு குழியில் இயன்ற அளவு குறைந்த அடிகளில் விழச் செய்யவேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். கிட்டிப்புள்ளில் புள்ளைத் தொலைவில் அடித்த கையும், கோலியாட்டத்தில் குழியை நோக்கிக் குண்டை உருட்டிய கண்ணும் உடையவர்களுக்கு இதில் அறியாதது ஒன்றுமில்லை. வேறுபாடு நிலத்தின் பரப்பில்தான். அந்தப் பரப்பே இதைச் செல்வர்களின் ஆட்டமாக்கிற்று. பிரிட்டனுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய கோல்ப் கழகம் 1829-இல் கல்கத்தாவில் ஏற்பட்டது. சென்னையில், 1873-இல் தோன்றிய காஸ்மாபாலிடன் கழகத்துக்கு நந்தனத்தில் கோல்ப் திடல் இருக்கிறது. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலே ஜிம்கானா கழகத்தார் நெடுங்காலம் ஆடிவந்தனர். மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் அது. அந்தப் பந்தயத் திடலின் நிலத்தை 2024 செப்டம்பரில் தமிழக அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. பெருநகரின் நடுவே இத்துணை நிலம் சிலருடைய ஆட்டத்துக்கு வேண்டுமா என்னும் வினா நியாயமானதே. பயிற்சிக்கு அவ்வளவு நிலம் தேவையில்லை. வலை கட்டிய சிறு இடமே போதும்.

இனி, கட்டுப்பாட்டுப் பொறியியலாளன் கண்ணில் இந்த ஆட்டம் எவ்வாறு தோன்றுகிறது என்று பார்ப்போம். தேர்ந்த ஆட்டக்காரர் கழியைப் பின்னே உயர்த்துவதற்கு முக்கால் நொடியளவு ஆகிறது. உயர்ந்த கழி கீழிறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய கால் நொடி. அப்போது கழியின் தலை நொடிக்கு 45 மீட்டர், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வருகிறது. பந்தும் கழியும் தொட்டுக்கொண்டிருக்கும் காலம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, நொடிக்கு 67 மீட்டர் வேகத்தில் புறப்பட்டுவிடுகிறது. இச்சிறு காலத்தில் பந்தின்மேல் செயற்படும் சராசரி விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 600 கிலோவுக்கு மேற்பட்ட எடையை அதன்மேல் வைத்தாற்போல் ஆகும்.

இப்போது மனித உடலின் வேகத்தை இதனுடன் ஒப்பிடுவோம். விரைவான நரம்புகளில் செய்தி நொடிக்கு 60 மீட்டர் அளவில் செல்கிறது என்று கொள்வோம். பந்தும் கழியும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அச்செய்தி மூன்று சென்டிமீட்டர்தான் நகரும். விரலிலிருந்து புறப்பட்டது உள்ளங்கையைத் தாண்டியிராது. கையிலிருந்து மூளைக்கு ஒரு மீட்டர் தொலைவு என்றால், அடிபட்ட உணர்வு மூளையை எட்டும்போது பந்து ஒரு மீட்டருக்கு அப்பால் பறந்துகொண்டிருக்கும். அடிக்கும்போது பந்தைக் கழியால் வழிநடத்தினேன் என்று சிலர் கூறுவதுண்டு. அவர்கள் உணர்வது நடந்து முடிந்த செய்தி. கண்ணால் கண்டு கையை அசைப்பதற்கோ ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். கழி இறங்குவதற்கு ஆகும் மொத்தக் காலமே 0.25 நொடி அல்லவா?

மூடிய சுற்று பயன்தர வேண்டுமானால், செய்தி திரும்பி வரும் தாமதம், செயல் நடைபெறும் காலத்தைவிட மிகக் குறைவாக இருக்கவேண்டும். இது என் துறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறப்பவர் இதை நன்கு அறிவார். வெந்நீர் பாய்லரிலிருந்து குழாய் வழியே வரச் சிறிது நேரமாகிறது. நீர் குளிர்ந்திருக்கிறதே என்று மேலும் திறக்கிறார். அதற்குள் வெந்நீர் வந்து சுடுகிறது. பதறி மூடுகிறார். அடுத்து வருவது பச்சைத் தண்ணீர். தாமதம் மிகுந்த இடத்தில் அவசரத் திருத்தம் ஊசலாட்டத்தையே விளைவிக்கும். கழி இறங்கும் கால் நொடிக்குள் மனம் புகுந்து மணிக்கட்டைத் திருத்த முயன்றால் நேர்வதும் இதுவே. ஆகவே கோல்ப் அடி என்பது, அடிக்கும் கணத்தைப் பொறுத்தமட்டில், முழுக்க முழுக்கத் திறந்த சுற்று. அம்பு வில்லை விட்டபின் நம் வசத்தில் இல்லை. இங்கே வில்லை வளைத்து முடித்தபோதே ஏறக்குறைய எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் சுற்றுகளை மூடிக்கொண்டிருந்தவனுக்கு மூட இயலாத ஒரு சுற்று கிடைத்தால், அதில் பற்று உண்டாகாமல் என்ன செய்யும்?

அப்படியாயின் பின்னூட்டம் எங்கே இருக்கிறது? ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருக்கிறது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் எந்திரக் கைகளுக்கு, சென்ற முறை நேர்ந்த பிழையைக் கொண்டு அடுத்த முறைக்கான கட்டளையைத் திருத்தும் முறையை 1984-இல் ஜப்பானிய அறிஞர் அரிமோட்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்தனர். கோல்ப் பயிற்சியும் அத்தன்மையதே. கருவிகள் உதவுவது இங்கேதான்.

லேசர் தொலைவுமானி கையிலடங்கும் சிறு பொருள். 150 மீட்டர் தொலைவிலுள்ள கொடிக்கம்பத்தை நோக்கி அது ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு சென்று மீள்வதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகிறது. ஒரு மீட்டர் வேறுபாட்டை அறிய வேண்டுமானால் ஏழு நானோ நொடிக்கும் குறைவான கால வேறுபாட்டை அளக்கவேண்டும். முன்பு ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டும் நிகழ்ந்த அளவீடு இன்று சட்டைப் பையில் கிடக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட ஆட்ட விதிகள் தொலைவை அளக்க இடந்தருகின்றன. ஏற்ற இறக்கத்தை அளக்கவோ காற்றை அளக்கவோ இடந்தருவதில்லை. சட்டம் இயற்றியவர்கள் எதை ஆட்டக்காரரின் அறிவுக்கு விட்டுவைத்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

ரேடார் இன்னும் சுவையானது. டென்மார்க்கில் 2003-இல் தோன்றிய டிராக்மேன் நிறுவனம், எறிபொருள்களைத் தொடரும் ரேடார் முறையைக் கோல்ப் பந்துக்குக் கொண்டுவந்தது. நம்மை விட்டு விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்து கேட்கிறது அல்லவா? அந்த டாப்ளர் விளைவே இதற்கும் அடிப்படை. அலைநீளம் மூன்று சென்டிமீட்டர் என்று கொண்டால், நொடிக்கு 67 மீட்டர் வேகத்தில் விலகும் பந்திலிருந்து மீளும் அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 4,470 ஹெர்ட்ஸ் மாறுபடும். வானொலி நேயர்கள் கவனிக்க வேண்டியது இது. அந்த மாறுபாடு நம் செவிக்கு எட்டும் எல்லைக்குள் இருக்கிறது. ஒலிபெருக்கியில் விட்டால் பந்தின் வேகத்தைக் காதாலேயே கேட்கலாம்.

ஒலியைப் பற்றிச் சொல்லும்போது யேல் பல்கலைக்கழகத்து இயற்பியல் அறிஞர் ராபர்ட் குரோபர் செய்த கருவியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. கழியின் தண்டுக்குள் முடுக்க உணரிகளைப் பொருத்தி, வீச்சின் வேகத்தை ஒலியாக மாற்றி ஆட்டக்காரர் காதில் விழச் செய்தார். வேகம் கூடக்கூட ஒலியும் மாறுகிறது. எண்களைத் திரையில் காட்டுவதைவிட இது நன்று என்பது என் கருத்து. தாளம் பிசகுவதைச் செவி உடனே கண்டுகொள்ளும். கச்சேரி கேட்டுப் பழகிய நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கருவி எதை அளக்கிறது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. மின் நிலையப் பாய்லரின் மேலே டிரம் என்னும் பெரிய உருளை உண்டு. அதில் நீர் குறிப்பிட்ட மட்டத்தில் நிற்கவேண்டும். நீராவியின் தேவை திடீரென்று மிகுந்தால் டிரம்மில் அழுத்தம் குறையும். நீருக்குள் இருக்கும் குமிழிகள் பருக்கும். மட்டம் உயர்ந்தாற்போலத் தோன்றும். உண்மையில் நீரின் அளவு குறைந்துகொண்டிருக்கிறது. மட்டத்தை மட்டும் நம்பும் கட்டுப்பாடு, நீர் மிகுந்துவிட்டது என்று கருதி வரவைக் குறைத்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை; ஆனால் அது சொன்ன மெய் நமக்கு வேண்டிய மெய் அன்று. அதனால்தான் மட்டத்தோடு, உள்ளே வரும் நீரின் அளவையும் வெளியேறும் நீராவியின் அளவையும் சேர்த்து மூன்றையும் கருதும் முறையை மேற்கொள்கிறோம். பந்து எங்கே போய் நின்றது என்பதும் டிரம் மட்டம் போன்றதே. காற்று தள்ளியிருக்கலாம், கல்லில் பட்டு எகிறியிருக்கலாம், தவறான அடி நல்ல இடத்தில் போய் நிற்பதும் உண்டு. பந்து புறப்பட்ட கணத்தின் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை ரேடார் காட்டுவதால், அடியை அடியாகவே காண முடிகிறது. கழியின் முகம் ஒரு பாகை திரும்பி, பந்து அதே திசையில் புறப்பட்டால் 200 மீட்டர் தொலைவில் மூன்றரை மீட்டர் விலகும். அந்த ஒரு பாகையைக் கண்ணால் காண்பது அரிது.

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, ‘மாமா, நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள், வேலைதான் உங்களை விடவில்லை’ என்றாள். பிறகு, ‘இத்தனை கருவிகள் இருந்தால் யார் வேண்டுமானாலும் நன்றாக ஆடிவிடலாமே?’ என்றும் கேட்டாள். ஆட முடியாது. சில சமயம் கருவியினால் ஆட்டம் கெடுவதும் உண்டு. ஏன் என்பதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

அமெரிக்கப் புள்ளியியலறிஞர் டெமிங் தம் மாணவர்களுக்குக் காட்டிவந்த சோதனை இது. சமையலறைப் புனல் ஒன்றை ஒரு தாங்கியில் நிறுத்தி, கீழே தாளை விரித்து, தாளில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்கு நேர்மேலே புனலை வைத்து ஒரு கோலிக்குண்டை விடுங்கள். குண்டு புள்ளியில் விழாது. சற்றே விலகி விழும். புனலை அசைக்காமல் ஐம்பது முறை விட்டால், புள்ளியைச் சுற்றி ஒரு சிதறல் கிடைக்கும். இப்போது மற்றொரு முறையைக் கையாளுங்கள். ஒவ்வொரு முறையும் குண்டு எவ்வளவு விலகிற்றோ, அவ்வளவு தொலைவு புனலை எதிர்ப்புறமாக நகர்த்துங்கள். மிக நேர்மையான திருத்தம் என்றுதான் தோன்றும். ஆனால் சிதறல் குறைவதில்லை. திட்ட விலக்கம் 1.41 மடங்காகப் பெருகுகிறது. நான்கு மீட்டர் விலக்கம் உடையவர் இவ்வாறு திருத்தினால் 5.7 மீட்டர் விலக்கம் உடையவராவார். காரணம் எளிது. ஒவ்வோர் அடியின் பிழையிலும் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று நிலையான சாய்வு. மற்றொன்று தற்செயலாக நேர்வது. தற்செயலை நிலையானதென்று கருதித் திருத்துகிறவர், சென்ற அடியின் தற்செயலை அடுத்த அடியின் பிழையோடு கூட்டிக்கொள்கிறார்.

பின் எவ்வளவு திருத்துவது? பிழையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திருத்துவதாகக் கொண்டு கணக்கிட்டால், சிதறல் நூற்றுக்கு ஐந்துதான் மிகுகிறது. நிலையான சாய்வோ ஒவ்வோர் அடியிலும் ஐந்தில் நான்காகக் குறைந்து, பத்து அடிகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கல்லூரி மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு பெருக்குத் தொடரின் கூட்டலே அது. கருவி ஒவ்வோர் அடிக்கும் பத்து எண்களைத் தருகிறது. அவற்றில் எதை, எவ்வளவு நம்புவது என்பதை அது சொல்வதில்லை. திரையைப் பார்த்து ஒவ்வோர் அடிக்கும் பிடியை மாற்றும் ஆட்டக்காரரை எந்தப் பயிற்சித் திடலிலும் காணலாம். அவர் பையில் விலையுயர்ந்த கருவிகளும் இருக்கும். கல்கத்தா ராயல் கழகத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அந்தத் திடலிலேயே பார்த்துப் பழகி, 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தையும், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியன் ஓப்பன் பந்தயத்தையும் வென்றார்.

எனக்கு மிகவும் பிடித்த கருவிக்கு மின்கலமே கிடையாது. 1935-இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் அமைத்தது. பிற்காலத்தில் அமெரிக்கக் கோல்ப் சங்கம் அதை அலுமினியத்தில் செய்து பரப்பிற்று. 91 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வாய்க்கால் பட்டை. அதன் ஓரிடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தில் பந்தை வைத்துப் பட்டையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், ஏறக்குறைய இருபது பாகைச் சாய்வில் பந்து தானே விடுபட்டு உருள்கிறது. யார் உயர்த்தினாலும் தரையை அடையும்போது அதன் வேகம் நொடிக்கு 1.83 மீட்டர். அது உருண்டு நிற்கும் தொலைவே அந்தப் புல்தரையின் வேகத்துக்கு அளவு. மனிதக் கையின் தற்செயலை முற்றிலும் நீக்கிவிடும் கருவி என்பதே இதன் அழகு.

அளவுகளைத் தகர வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்து, தகடு மடித்து ஒரு பட்டை செய்துகொண்டேன். மொட்டைமாடியில் நீண்ட ஜமுக்காளத்தை விரித்து அந்தப் பெண்ணும் நானும் பந்தை உருட்டினோம். மழைநீர்க் குழாயை நோக்கி உருட்டியபோது பந்து மூன்று மீட்டர் ஓடிற்று. எதிர்த்திசையில் இரண்டு மீட்டர்தான். சராசரி இரண்டரை என்றாள் அவள். இங்கே கூட்டுச் சராசரி பொருந்தாது. ஓடும் தொலைவு தடைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால் இசைச் சராசரியே கொள்ளவேண்டும், அது 2.4 மீட்டர். பிறகு இரண்டு தொலைவுகளின் வேறுபாட்டிலிருந்து மாடியின் சரிவைக் கணக்கிடச் சொன்னேன். உருளும் பந்துக்குப் புவியீர்ப்பின் சாய்வுக் கூறில் ஏழில் ஐந்து பங்கே முடுக்கமாகும் என்பதை மட்டும் நினைவூட்டினேன். தரையில் உட்கார்ந்தபடியே கணக்கிட்டு, ஐம்பதுக்கு ஒன்று என்றாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. மறுநாள் காலையில் பட்டையையும் பந்தையும் இரவல் வாங்கிக்கொண்டு போனாள். ஒவ்வோர் ஐப்பசியிலும் அவர்கள் வீட்டு மாடியில் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறதாம்.